நெஞ்சில் அடிபட்டு வால்வு கிழிந்தால்: வாசகர் கேள்விகள்

குலசேகரம் வாசகர்: மூன்று வருஷத்துக்கு முன் பைக் சறுக்கி ஹேண்டில்பார் நெஞ்சில் குத்தியது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. வர்ம ஆசானிடம் எண்ணெய் தடவினேன். இப்போது கால் வீக்கம், வயிறு உப்புசம். ஈரல் மருந்து கேட்கவில்லையே?

எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தீர்களா? கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், வால்வு தெரியாது. எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இதயத்தின் வலது கீழறை நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது ரத்தம் நிறைந்திருக்கும் நொடியில் அடி விழுந்தால், அதன் வாசலில் உள்ள மூவிதழ் வால்வைப் பிடித்திருக்கும் நார்கள் அறுந்துபோகும். பிறகு கயிறறுந்த பாய்போல இதழ் படபடக்கும், ரத்தம் பின்னால் கசிந்து ஈரலிலும் காலிலும் தேங்கும். வலப்பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் உடம்பு வருஷக்கணக்கில் தாங்கும், ஆபத்தே அதுதான். பனையிலிருந்து விழுந்த ஒருவர் ஐந்து வருஷம் ஈரல் மருந்து குடித்துவிட்டு என்னிடம் வந்தார். சட்டைக் காலருக்கு மேலே கழுத்து ரத்தக்குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் காதுமடல் வரை எழும்பி அடங்கியது. அதற்குள் வலது அறை நன்றாக விரிந்திருந்தது. அறை விரிந்தபின் வால்வைத் தைத்தால் தையல் நிலைப்பது கடினம். எண்ணெய் தசைவலிக்கு ஆகும், அறுந்த நாரை ஒட்டாது. நாளைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சில் பலமாக அடிபட்ட யாரும் அன்றைக்கு ஒரு எக்கோ, மாதம் கழித்து ஒன்று எடுங்கள்.

குளச்சல் வாசகி: தைப்பதா, வால்வையே மாற்றுவதா?

தைக்க முடிந்தால் தைப்பதே நல்லது. கிழிசலை மூடி, அறுந்த நாருக்குப் பதில் கோர்டெக்ஸ் என்ற செயற்கை நூல் கட்டி, வால்வைச் சுற்றிலும் ரிங் வைப்பார்கள். சொந்த வால்வு பிழைத்தால் ஆயுள் முழுக்க ஆசிட்ரோம் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டியிருக்காது. பெரும்பாலும் மூன்று மாதத்தோடு சரி. இளம்பெண்ணுக்கு இது பெரிய விஷயம், கர்ப்பத்தில் அந்த மாத்திரை சிசுவைப் பாதிக்கும்.

மார்த்தாண்டம் வாசகர்: வால்வு ஆபரேஷன் ஆனவன். பல் பிடுங்க ஆசிட்ரோம் மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த?

எந்த வால்வு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எவ்வளவு? இரண்டையும் எழுதாமல் நாள் கணக்கு கேட்கிறீர்கள்! திருவனந்தபுரத்தில் உருவாக்கி 1990 முதல் பொருத்தப்படும் சித்ரா வால்வு போன்ற உலோக வால்வானால், நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ரத்தம் உறைந்து வால்வு அடைத்துக்கொள்ளும். பல் டாக்டரையும் இதய டாக்டரையும் பேசவையுங்கள். பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாட்டிக் கட்டாயம்.

தக்கலை வாசகி: ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். இவர் தென்னை ஏறலாமா?

கூடாது. நெஞ்செலும்பு சேர மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகும் எக்கோ பார்த்துவிட்டுத்தான்.