கூட்டத்தில் சொல்வதா, தனியாகச் சொல்வதா? வாட்ஸ்அப் நடத்தை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வாட்ஸ்அப்பைப் பற்றியவை. பல சண்டைகளில் சொன்ன விஷயம் நியாயமானதுதான். சொன்ன இடம்தான் தப்பு. பதில்களைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பட்டியலை வீட்டு எண்ணோடு குரூப்பில் போட்டேன். ஒருவர் ஏற்கனவே கட்டியிருந்தாராம், பெரிய ரகளை ஆகிவிட்டது. கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டாமா?
– சங்கச் செயலாளர், கோவை

இருக்க வேண்டும். அதற்கான இடம் பொதுக்குழுக் கூட்டமும் வரவு செலவு அறிக்கையும். குரூப்பில் வாடகைக்கு இருப்பவர்களும் இருக்கிறார்கள், சில குடியிருப்புகளில் காவலாளியும் எலெக்ட்ரீஷியனும்கூட இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ‘பி 204 – பாக்கி’ என்று வந்தால் அது அவமானமாகத்தான் போய்ச் சேரும். அவமானப்பட்டவர் பணத்தைப் பற்றிப் பேசமாட்டார். லிஃப்ட் ஏன் ஓடவில்லை, போன வருடக் கணக்கு எங்கே என்று ஆரம்பிப்பார்.

பட்டியல் தப்பாவதற்கும் வழக்கமான காரணங்கள் உண்டு. பதிவேட்டில் வீட்டு உரிமையாளர் பெயர் இருக்கும், பணம் வாடகைக்காரர் பெயரில் வந்திருக்கும். வீட்டு எண்ணைக் குறிப்பிடாமல் அனுப்பியிருப்பார்கள். நீங்கள் காலையில் எடுத்த வங்கி விவரத்தில், அன்று மாலை கட்டியவர் இருக்கமாட்டார்.

இனி இப்படிச் செய்து பாருங்கள். மாதத் தொடக்கத்தில் யார் பெயரும் இல்லாமல் ஒரே ஒரு பொதுச் செய்தி: தொகை, கடைசித் தேதி, வங்கிக் கணக்கு அல்லது யுபிஐ விவரம், ‘குறிப்பில் வீட்டு எண்ணை எழுதவும்’ என்ற வரி. அதைக் குரூப்பின் உச்சியில் 30 நாளுக்குப் பின் செய்து வைத்துவிட்டால், தேடிப் பிடிக்க முடியவில்லை என்ற சாக்கும் போய்விடும். கடைசித் தேதி முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து, கட்டாதவருக்குத் தனியாக எழுதுங்கள்:

“வணக்கம் சார். பி 204க்கு ஜூன் மாதக் கட்டணம் எங்கள் கணக்கில் இன்னும் தெரியவில்லை. அனுப்பியிருந்தால் தேதியும் பரிவர்த்தனை எண்ணும் சொல்லுங்கள், சரிபார்த்துக்கொள்கிறேன்.”

‘நீங்கள் கட்டவில்லை’ என்று எழுதினால் அவர் சண்டைக்கு வந்தாக வேண்டும். ‘எங்கள் கணக்கில் தெரியவில்லை’ என்றால் கௌரவம் குறையாமல் கட்டிவிட்டுப் போகலாம். அதற்கும் அசையாதவருக்குப் போன் செய்யுங்கள். பிறகு சங்க விதிப்படி கடிதம்.

நடந்துபோனதற்கு: பட்டியலை எல்லாருக்குமாக அழித்துவிடுங்கள். அனுப்பியதிலிருந்து சுமார் இரண்டரை நாள் வரைதான் அந்த வசதி இருக்கும். ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்திருப்பார்கள். எனவே அழித்தால் மட்டும் போதாது. குரூப்பில் சொன்ன தப்பைக் குரூப்பிலேயே திருத்த வேண்டும்: “பி 204 கட்டணம் 5ஆம் தேதியே வந்துவிட்டது. பதிவில் விட்டது எங்கள் தவறு. வருந்துகிறேன்.” இதற்குப் பின்னால் ‘ஆனால்’ என்று எதையும் சேர்க்காதீர்கள்.

குடும்பக் குரூப்பில் பெரியப்பா இறந்த செய்தி வந்த பத்தாவது நிமிடத்தில் யாரோ சமையல் வீடியோ போட்டார்கள். மனம் கசந்துவிட்டது. துக்கச் செய்தியை எப்படிப் போடுவது, எப்படிப் பதில் சொல்வது?
– திருச்சி வாசகி

அந்த வீடியோவைப் போட்டவர் பெரும்பாலும் மேலே வந்ததைப் படித்திருக்கவே மாட்டார். வேறெங்கோ வந்ததை ஐந்து இடத்துக்கு ஒரே தட்டில் அனுப்பியிருப்பார். குரூப்பில் அவரைத் திட்ட வேண்டாம். தனியாக ஒரு வரி போதும்: “அத்தை, பெரியப்பா தவறிட்டாங்க, மேல பாருங்க. வீடியோவை எடுத்துடுங்க.” அட்மின் நேரடியாகவும் அழிக்கலாம்; ஆனால் அட்மின் அழித்ததாகத் திரையில் தெரியும் என்பதால், முதலில் அவரிடமே கேட்பது நல்லது.

செய்தி போடுகிறவருக்கு முதல் வேலை போன். இறந்தவரின் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், சம்பந்தி வீட்டார் ஆகியோருக்குக் குரலில் சொல்லி முடித்த பிறகுதான் குரூப். ஒரு மகள் தன் அப்பாவின் சாவை ஸ்டேட்டஸ் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை வேறில்லை. ஒரே செய்தியில் எல்லாம் இருக்கட்டும்: முழுப்பெயர், வயது, யாருக்கு என்ன உறவு, உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எடுக்கும் நேரம், அடக்கமா தகனமா, எந்த இடம், வழி கேட்க ஒருவருடைய எண். அந்த எண் துக்க வீட்டின் நெருங்கிய ஆளுடையதாக இருக்கக் கூடாது. மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ பார்த்துக்கொள்ளட்டும். நேரம் மாறினால் பழைய செய்தியைத் திருத்தாதீர்கள். திருத்தும் வசதி 15 நிமிடம்தான், திருத்தினாலும் ஏற்கனவே படித்தவர்களுக்கு அறிவிப்பு போகாது. புதிதாகப் போடுங்கள்.

உடலின் படம் வேண்டாம். வாழ்ந்த காலத்தில் எடுத்த நல்ல படம் ஒன்று போதும். ஐசியூ படமும் வேண்டாம், அது உயிரோடிருப்பவருக்கே செய்யும் அவமரியாதை.

பதில் சொல்வது எளிது. மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டுப் போகாமல் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் இருந்தால் இன்னும் நல்லது: “என் படிப்புக்கு முதல் ஃபீஸ் கட்டியது பெரியப்பாதான்.” நாற்பது பேர் ஒரே ‘ஆழ்ந்த இரங்கல்’ ஸ்டிக்கரைப் போட்டால், எடுக்கும் நேரம் எழுதிய செய்தி எங்கோ மேலே போய்விடும். கட்டைவிரல் குறியை இந்தச் செய்திக்கு ரியாக்‌ஷனாக வைக்காதீர்கள். படித்தேன் என்ற பொருளில் நீங்கள் வைத்தாலும் பார்ப்பவருக்கு அப்படித் தெரியாது. காரியம் முடியும் வரை காலை வணக்கப் படங்களை நிறுத்திவையுங்கள் என்று அட்மின் ஒரு வரி போடலாம்.

மகள் திருமணத்துக்கு எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினோம். என் ஒன்றுவிட்ட அண்ணன் ‘எனக்கு ஃபார்வர்டா?’ என்று கோபித்துக்கொண்டார்.
– மதுரை வாசகர்

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பத்திரிகை வைப்பது என்பது நேரில் போய் வெற்றிலை பாக்கோடு கொடுப்பது. போக முடியாத இடத்துக்கு அதை எப்படி ஈடுகட்டுவது என்பதுதான் கேள்வி. முதலில் போன், பிறகு படம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. போனில் அம்மா அப்பா இருவரும் பேச வேண்டும். ‘நேரில் வந்திருக்க வேண்டும், முடியவில்லை, இதையே நேரில் வந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகு வரும் படம் வெறும் நினைவூட்டல்தான், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

படத்தைக் கையால் ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள், மேலே முறை சொல்லி ஒரு வரி எழுதி. இன்னொருவரிடமிருந்து வந்ததை அப்படியே தள்ளிவிட்டால் ஃபார்வர்டு என்ற அடையாளம் மேலே நிற்கும். உங்கள் அண்ணன் பார்த்தது அதைத்தான். போனில் சேமித்த படத்தைப் புதிதாக இணைத்து அனுப்பினால் அது வராது. பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புவதாக இருந்தால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பாதிச் சொந்தத்துக்கு வராமலே போகலாம், பழி உங்கள் மேல் விழும்.

அண்ணனுக்கு இன்றே போன் செய்யுங்கள். சமாதானம் எழுத்தில் வேண்டாம்.

மாமா தினமும் குரூப்பில் மருத்துவச் செய்திகள் போடுகிறார். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ கஷாயம் குடிக்கச் சொல்லிப் போன வாரம் ஒன்று. மரியாதையாக எப்படித் திருத்துவது?
– சேலம் வாசகர்

இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் கலக்காதீர்கள். மாமாவின் மானத்தைக் காப்பது தனிச் செய்தியில். மற்றவர்கள் மாத்திரையை நிறுத்திவிடாமல் காப்பது குரூப்பில்.

முதலில் தனியாக: “மாமா, நீங்க நல்ல எண்ணத்துலதான் போட்டீங்கன்னு தெரியும். ஆனா மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரிக்குப் போற நிலைமை வந்துரும். நம்ம குரூப்லயே மாத்திரை சாப்பிடறவங்க இருக்காங்க. நீங்களே எடுத்துட்டா நல்லா இருக்கும்.” அவரே எடுத்துவிட்டால் அவருக்கும் பெருமை. அரை மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் குரூப்பில் யார் பெயரும் இல்லாமல் எழுதுங்கள்: “டாக்டரைக் கேட்காமல் யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.” உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மரியாதைக்காக நாள் கணக்கில் காத்திருக்க முடியாது.

அவருக்கு ஒன்றைக் காட்டிக் கொடுங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. குறைந்தது ஐந்து முறை மாறினால்தான் அந்தக் குறி வரும். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020இல் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பதும் செல்லாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த வழக்கில் 2018இல் முன்ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை முன்னனுப்புவது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று சொன்னது.

ப்ளூ டிக் வந்தும் பதில் சொல்லாதவர்கள் நம்மை மதிக்கவில்லை என்றுதானே பொருள்?
– ஈரோடு வாசகி

இல்லை. திறந்தார்கள் என்பது மட்டும்தான் பொருள். பஸ்ஸில் நின்றுகொண்டோ, குழந்தையின் கையில் போன் இருக்கும்போதோ திறந்திருக்கலாம். ஒரு நாள் பொறுத்து, கேள்வியை மட்டும் திரும்பக் கேளுங்கள். ‘பார்த்துட்டும் பதில் இல்லையே’ என்று எழுதாதீர்கள். அவசரமென்றால் முதலிலேயே போன் செய்திருக்க வேண்டும்.

ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது தப்பா?
– நாகர்கோவில் வாசகர்

தட்டச்சு வராத பெரியவர்கள் அனுப்பினால் தப்பே இல்லை, பொறுமையாகக் கேட்பதுதான் மரியாதை. மற்றவர்கள் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். முகவரி, தொகை, தேதி, போன் எண் நான்கையும் குரலில் சொல்லாதீர்கள். கேட்பவர் காகிதம் தேடி மூன்று முறை திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

டொராண்டோவில் இருக்கும் மகனுக்கு நான் காலையில் அனுப்பும் செய்தி தூக்கத்தைக் கெடுக்கிறதாம்.
– தஞ்சாவூர் வாசகி

கோடையில் அங்கே நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. உங்கள் காலை பத்து மணி அவருக்கு நள்ளிரவு. செய்தியை எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள், அவர் இரவில் ஒலியை அணைத்துக்கொள்ளட்டும். கால் மட்டும் உங்கள் மாலை ஏழு மணிக்கு மேல்.

அலுவலகத்தில் மேலதிகாரிக்கு ‘ஹாய் சார்’ என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன். அவர் பதிலே சொல்வதில்லை.
– சென்னை வாசகர்

நீங்கள் எதற்காக அழைத்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. வணக்கம், விஷயம், எப்போதைக்குள் பதில் வேண்டும் ஆகிய மூன்றையும் ஒரே செய்தியில் எழுதுங்கள்: “வணக்கம் சார். வெள்ளிக்கிழமை விடுப்பு வேண்டும், அக்கா வீட்டு கிரகப்பிரவேசம். என் வேலையைக் குமார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நாளை மாலைக்குள் சொன்னால் டிக்கெட் எடுத்துவிடுவேன்.” இதை டீம் குரூப்பில் கேட்காதீர்கள், அவர் மறுக்க நேர்ந்தால் இருவருக்கும் சங்கடம்.