அடர்த்தி வந்தது, பாகுத்தன்மை காலை வாரியது

கேள்வி: லேபுக்கே போகாமல், மூலக்கூறு சிமுலேஷனை மட்டும் வைத்து ஒரு பொருளின் அடர்த்தி, பாகுத்தன்மை போன்ற பண்புகளைக் கணித்துவிட முடியுமா?

கேட்டிருப்பவர் ஆராய்ச்சியில் புதிதாகச் சேர்ந்த மாணவர் என்று நினைக்கிறேன். "அளந்து பார்க்க வசதி இல்லை, கம்ப்யூட்டரில் போட்டு எடுத்துவிடு" என்று வழிகாட்டி சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அடர்த்தி என்றால் தைரியமாக இறங்குங்கள். பாகுத்தன்மை என்றால் என் கதையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நான் எடுத்துக்கொண்டது தண்ணீரில் கரைந்த ஒரு கரிமச் சேர்மம். அதற்கான விசைப்புலம், அதாவது அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சூத்திரத் தொகுப்பு, டிப்3பி என்ற தண்ணீர் மாடலோடு சேர்த்தே உருவாக்கப்பட்டது. யோசிக்காமல் அதையே போட்டேன். அடர்த்தி 2 சதவீதத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் பாகுத்தன்மை. கூட வேலை பார்த்த தோழி கண்ணாடிக் குழாய் விஸ்காமீட்டரில் ஒரே மதியத்தில் அளந்து, 1.1 மில்லிபாஸ்கல் நொடி என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். நாள் கணக்கில் ஓடிய என் சிமுலேஷன் 0.4 என்றது.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சிமுலேஷனிலிருந்து பாகுத்தன்மையைக் கணக்கிட நான் எடுத்த கிரீன்–குபோ முறையில், அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் தன் பழைய நிலையை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறது என்று பார்த்து அதைத் தொகையிடுவோம். அந்தக் கோடு முதலில் விறுவிறுவென ஏறும், கொஞ்ச தூரம் சமதளமாக ஓடும், பிறகு இரைச்சலில் மேலும் கீழும் அலையும். சமதளத்தில்தான் மதிப்பை எடுக்க வேண்டும். நான் கோடு எங்கே மேலே அலைகிறதோ அங்கே நிறுத்தி, "இதுதான் சமதளம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் 0.6-ஐத் தாண்டவில்லை. அணுக்களின் தொடக்க வேகங்களை மாற்றி இன்னொரு முறை ஓட்டியதில் அந்த ஏற்றமே காணாமல் போனது.

மூன்று வாரம் நிரலில் பிழை தேடிய பிறகுதான் வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்க்கத் தோன்றியது. 25 டிகிரி செல்சியஸில் நிஜத் தண்ணீருக்கு 0.89. டிப்3பி தண்ணீர் 0.32-ஐ ஒட்டி வந்தது. பிழை நிரலில் இல்லை, மாடலின் குணமே அதுதான். 1983-இல் வந்த மாடல், பலரும் எழுதி வைத்த குறை, நான்தான் படிக்கவில்லை. டிப்4பி/2005 என்ற இன்னொரு தண்ணீர் மாடலுக்கு மாற்றியதும் தண்ணீர் 0.85-க்கு வந்தது. ஆனால் என் சேர்மத்தின் விசைப்புலம் அந்தத் தண்ணீரோடு பழகியதல்ல. கரைசலை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் டிப்4பி/2005-உம் குறையில்லாதது அல்ல: அதன் பனிக்கட்டி பூஜ்ஜியத்தில் அல்ல, சுமார் மைனஸ் 20 டிகிரியிலேயே உருகிவிடும்!

"அப்போ சிமுலேஷனே வீண் என்கிறாயா?" என்று சண்டைக்கு வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 1964-இல் இயற்பியலாளர் அனீசுர் ரஹ்மான் வெறும் 864 ஆர்கான் அணுக்களை வைத்து, திரவ ஆர்கானின் பரவல் வேகத்தைப் பரிசோதனைக்கு நெருக்கமாகவே எடுத்துக் காட்டினார். ஆர்கான் மின்சுமை இல்லாத சாதுவான உருண்டை. தண்ணீர் அப்படியா?

உங்களுடையது பாலிமர் என்றால் இன்னொன்று. கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை, அதாவது குளிரும்போது பாலிமர் இளகிய நிலையிலிருந்து கண்ணாடி போல விறைக்கும் வெப்பநிலையை, லேபில் நிமிடத்துக்கு 10 டிகிரி போலக் குளிர்வித்து அளக்கிறார்கள். நாம் ஒரு நானோநொடிக்குள்ளேயே சில டிகிரி இறக்கிவிடுகிறோம். அதனால் நம் எண் பெரும்பாலும் உயர்ந்துதான் வரும். அதைப் பார்த்து என்னைப் போல நிரலைக் குடைய வேண்டாம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சிமுலேஷன்காரன் என்றால் பட்டனைத் தட்டிவிட்டுத் தூங்கப் போகிறவன் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நான் அப்போது இருந்த ஆராய்ச்சிக் குழுவின் அடுத்த கட்டுரைக்கு முதல் படமாகப் போனது நான் வரைந்து கொடுத்த மூலக்கூறுப் படம். என் பெயர் நன்றியுரையில் இருந்தது, அதுவும் எழுத்துப்பிழையோடு.