கடலைக் காக்கச் சொன்னால் நம்மையே தடுத்துவிடுவார்களா?

பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒரு நாட்டுப்படகு மீனவர் கேட்கிறார்: "எங்கள் ஊருக்கு நேரே நல்ல கடல்தாழை (கடற்புல்) இருக்கிறது, ஆவுளியா (கடற்பசு) வந்து மேயும். விசைப்படகு இழுவைமடிக்காரர்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறார்கள். அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கச் சொல்லலாமா, இல்லை அப்புறம் எங்களையும் உள்ளே விடமாட்டார்களா?"

பயம் நியாயமானதுதான். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்கா ஆக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே கடற்பாசி எடுத்த பெண்கள் திடீரென்று அத்துமீறியவர்கள் ஆகிப்போனார்கள். அதனால் மனுவில் "பாதுகாக்கப்பட்ட பகுதி" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவில் வரும் 'பாதுகாப்பகம்' (Conservation Reserve) வேண்டும் என்று எழுதுங்கள். உள்ளூர் மக்களிடம் கலந்து பேசிய பிறகுதான் அதை அறிவிக்க முடியும், அறிவித்ததும் மீன்பிடிப்புக்குத் தானாகத் தடை வந்துவிடாது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் வந்த கடற்பசு பாதுகாப்பகம் இந்த வகைதான். 'சமுதாயக் காப்பகம்' என்ற பெயர் ஆசை காட்டும், ஆனால் அது தனியார் அல்லது சமுதாய நிலத்துக்கு உரியது, கடல் அரசுடையது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. நிர்வாகக் குழுவில் வனத்துறை, ஊராட்சிகள், தொண்டு நிறுவனங்கள், வேளாண்மை, கால்நடைத் துறை எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம், மீன்வளத் துறையைச் சொல்லவே இல்லை (எழுதியவர்கள் காட்டை மட்டும் நினைத்திருப்பார்கள் போல). ஆனால் கரையோரம் வரும் விசைப்படகை மறிக்கும் அதிகாரம் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்வளத் துறையிடம்தான் இருக்கிறது. அவர்களையும் உங்கள் ஊர்க் கமிட்டியிலிருந்து ஒருவரையும் குழுவில் சேர்க்கும்படி மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

மனுவுக்கு முன்னால் ஊர்க்கூட்டம். தாழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த வலை கூடாது, எந்த மாதம் விடலாம் என்பதை நீங்களே முடிவு செய்து கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து ஊர்களிடமும், கசப்பாக இருந்தாலும் விசைப்படகுச் சங்கத்திடமும் பேசுங்கள், அந்தப் படகுகளில் கூலிக்குப் போகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவில் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். அந்த நாட்டுச் சில்லிமன் பல்கலைக்கழகத்தார் ஊராரோடு பேசிப் பேசி, 1982இல் தீவுக்காரர்களே கரையோரத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டும் மீன்பிடிக்காமல் விட்டுக் காவலும் காத்தார்கள். உள்ளாட்சியின் அங்கீகாரம் அதற்கப்புறம்தான் வந்தது. 1994இல் தேசிய அரசு நிர்வாகத்தைத் தன் கைக்கு மாற்றியதும், சுற்றுலாக் கட்டணம் தலைநகரம் போய்த் தாமதமாகத் திரும்பியது, ஊராருக்கு மனம் விட்டுப்போனது. பணம் வந்தால் அது யார் கையில் இருக்கும் என்பதையும் இப்போதே கேளுங்கள்.

மனு மாவட்ட வன அலுவலருக்கு, நகல் ஆட்சியருக்கும் மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கும். மீனவர் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்பக அறிவிப்பின் வரைவு வரும்போது, உங்கள் வலைகளின் பெயர் அனுமதிக்கப்பட்டவையாக எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'வாயால் சொன்னால் போதாதா' என்று அதிகாரிகள் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.