அந்த வண்டி புதையவில்லை – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். பெயர் போட வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேல் சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை வண்டி ஓட்டினேன். இங்கே சம்பா அறுவடை முடிந்ததும் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆந்திரா, கர்நாடகா என்று போய்விடுவோம். வாலிபத்தில் கபடி ஆடினேன், ரெய்டர். இப்போது முதுகு ஒத்துழைக்கவில்லை. வண்டியை மச்சினன் மகன் ஓட்டுகிறான்.

பொங்கல் விளையாட்டுப் போட்டியில் பையன்களுக்கு நாலு வார்த்தை அனுபவம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பத்து நிமிஷத்தில் எல்லார் கையிலும் செல்போன். சரி, எழுதியாவது வைப்போம் என்று ஒரு நோட்டில் வேலை, பயணம், விளையாட்டு என்று பிரித்துப் பாடங்களாக எழுதினேன். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அனுபவத்தை ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா, இல்லை அவனவன் பட்டுத்தான் தெரிந்துகொள்ளணுமா?

ரா.

*

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

நோட்டு முழுவதையும் படித்தேன். நீங்கள் எண் போட்டு, பெரிய எழுத்தில், அடிக்கோடிட்டு எழுதியிருக்கும் பாடங்களில் எனக்கு அவ்வளவாக ஒன்றும் கிடைக்கவில்லை. ‘அவசரப்படாதே’, ‘வெளியூரில் யாரையும் நம்பாதே’, ‘மூச்சு உள்ளவரை களத்தை விடாதே’. இதெல்லாம் அந்தப் பையன்களுக்கு வாட்ஸப்பில் தினமும் காலை வணக்கத்தோடு வருகிறது. செல்போனை எடுக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் ஒவ்வொரு பாடத்துக்குக் கீழேயும் பென்சிலில் பொடி எழுத்தில் குறித்திருக்கிறீர்களே, அதை இரண்டு தடவை படித்தேன்.

ஏழாவது பாடம், ‘அவசரப்படாதே’. அதன் கீழே உள்ள கதையை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். தை மாதம், பருவம் தவறிய மழை. பயிர் சாய்ந்து கிடக்கிறது. மறுபடியும் மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். வயல்காரர் வண்டியை இறக்கச் சொல்லி நிற்கிறார். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் நடந்து பார்க்கிறீர்கள். மேட்டுப் பக்கம் கணுக்கால் வரை போனதும் கெட்டித்தரை தட்டுகிறது. வடிகால் ஓரத்தில் முழங்காலுக்கு நாலு விரல் கீழே வரை இறங்கியும் அடித்தரை தட்டவில்லை. “ரெண்டு நாள் வடியட்டும்” என்கிறீர்கள். அவர் கண்டபடி திட்டிவிட்டு வேறு வண்டியைக் கூப்பிடுகிறார். இதற்கு அப்புறம் அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரி: ‘(அந்த வண்டி புதையவில்லை. அறுத்துவிட்டுப் போனது.)’

நோட்டிலேயே முக்கியமான வரி அதுதான் என்பேன். பாடத்தோடு ஒட்டவில்லை என்று ஒதுக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கோ அங்கிருந்துதான் கேள்விகள் கிளம்புகின்றன. அந்த ஓட்டுநர் வடிகால் ஓரத்தை ஆள் வைத்து அறுக்கச் சொல்லி விட்டுவிட்டாரா? சாய்ந்த பயிருக்கு எதிர்த்திசையில் வண்டியை விட வேண்டும் என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்படி விட்டாரா? வண்டியில் நெல் சேரும் டேங்க் நிறையும் வரை காத்திருக்காமல் கால் பங்கு ஏறியதுமே கரைக்கு வந்து கொட்டி, எடையைக் குறைத்துக்கொண்டாரா? இல்லை, வெறும் அதிர்ஷ்டமா? விசாரிக்க முடிந்தால் விசாரியுங்கள். முடியாவிட்டால் உங்கள் ஊகத்தை ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

வயல்காரர் ஏன் அவசரப்பட்டார் என்பதும் அங்கே வர வேண்டும். சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் கதிர் சில நாளிலேயே முளைவிட ஆரம்பித்துவிடும். அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தளர்வு அறிவிக்காத வரைக்கும் களத்தில் கொட்டி, காயவைத்து, தார்ப்பாயோடு காவல் கிடக்க வேண்டியதுதான். அவருக்கு ரெண்டு நாள் என்பது அத்தனை பெரிய விஷயம். உங்கள் பயம் வண்டிக்கு, அவர் பயம் நெல்லுக்கு. மச்சினன் மகன் நாளைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் வரப்பில் நிற்கும்போது ‘அவசரப்படாதே’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

இன்னொன்று, எந்தக் கதைக்கும் நீங்கள் வருஷம் போடவில்லை. டெல்டாவில் வருஷம் போடாத அனுபவத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ‘ஆடிக்குள் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடு, புரட்டாசியில் குறுவை அறுவடை வந்துவிடும்’ என்கிறது பதினோராவது பாடம். வழக்கமான தேதியான ஜூன் 12ல் மேட்டூர் அணை திறந்தால் சரி. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. 2020ல்தான் மறுபடி திறந்தார்கள். 2022ல் மே 24ஆம் தேதியே திறந்தாயிற்று. 2024ல் ஜூலை 28 ஆகிவிட்டது. நடுவில் போர்வெல் வைத்திருப்பவர் ஆற்றுத் தண்ணீரைப் பார்க்காமல் முன்கூட்டியே நாற்று விட்டுவிடுகிறார், கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒன்றியத்துக்குள் அறுவடை முன்னும் பின்னுமாக வருகிறது. 2012க்கு அப்புறம் தொழிலுக்கு வந்தவனிடம் புரட்டாசி என்று அடித்துச் சொன்னால், மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். எந்த வருஷம், தண்ணீர் எப்போது வந்தது என்பதோடு சேர்த்துச் சொன்னால் அவனே கணக்குப் போட்டுக்கொள்வான்.

கபடிக்கும் இது பொருந்தும். நீங்கள் ஆடியபோது மூச்சு இருக்கும்வரை உள்ளே நின்று, பிடிக்கிறவர்களைச் சலிக்க வைத்து ஆள் எடுத்தீர்கள். இப்போது ரெய்டுக்கு 30 விநாடி. 2014ல் புரோ கபடி வந்த பிறகு பையன்கள் அதைப் பார்த்துத்தான் ஆட்டம் பழகுகிறார்கள். இரண்டு தடவை வெறும் கையோடு திரும்பினால் மூன்றாவது ‘டூ ஆர் டை’, புள்ளி எடுக்காவிட்டால் அவுட். அவர்களிடம் பொறுமையைப் பற்றிப் பேசினால் எடுபடாது. ஆனால் ‘கார்னரில் (பிடிக்கிற வரிசையின் ஓரத்தில்) நிற்பவன் கண்ணைப் பார்க்காதே, எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறான் என்று பார். பாரம் மாறினால் கணுக்காலுக்குப் பாயப் போகிறான்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறீர்களே, அது மண் தரையிலும் செல்லும், மேட் விரித்த தரையிலும் செல்லும். பொங்கலன்று மைக்கில் அதைச் சொல்லியிருக்கலாம். அதைவிட, களத்தில் இறங்கி ஒரு பையனைக் கார்னரில் நிறுத்திக் காட்டியிருக்கலாம்.

பயணப் பகுதியைப் படித்தபோது சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். மேலே ‘யாரையும் நம்பாதே’. கீழே, கர்நாடகாவில் சிந்தனூரில் பெல்ட் அறுந்தபோது பாஷை புரியாத கடைக்காரர் புது பெல்ட்டைக் கடனுக்குக் கொடுத்ததும், நீங்கள் அறுவடை முடிந்துதான் பணம் கட்டியதும். இதில் எதை நம்புவது? எனக்குக் கடைக்காரர் கதைதான் வேண்டும். என்ன ஜாமீன் கேட்டார், பேச்சுவார்த்தையை எப்படி நடத்தினீர்கள், துங்கபத்ரா வாய்க்கால் பாசனத்தில் வயல் நம்மூர் வயல் மாதிரி இருந்ததா, மண் எப்படி? முதல் தடவை அங்கே வண்டி கொண்டுபோகிறவனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாதி முடியும் என்பதுதான் என் பதில். காலுக்கடியில் கெட்டித்தரை தட்டுவது எப்படி இருக்கும் என்பதை நோட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. அவனை வயலில் இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் வரப்போரம் பார்த்துவிட்டுத் திரும்பாதே, வடிகால் பக்கம் போய்ப் பார் என்று சொல்லிக்கொடுக்கலாம். அது தெரியாதவன் வயலில் இறங்கியும் தப்பான இடத்தில்தான் கால் வைப்பான்.

அதனால் பென்சிலில் இருப்பதையெல்லாம் பேனாவால் எழுதுங்கள். எண்களும் தலைப்புகளும் வேண்டாம். எழுதி முடித்ததும் மச்சினன் மகனிடம் கொடுத்து, இப்போது இப்படி இல்லை என்று தோன்றும் இடங்களில் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். சண்டை வந்தால் நல்லதுதான், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த தடவை படம் எடுக்கும்போது நோட்டை வெயிலில் வைத்து எடுங்கள். ஆந்திரா போன பக்கங்கள் நிழலடித்துப் பாதி தெரியவில்லை. லாரி வாடகை எழுதியிருக்கும் பக்கத்தை மட்டுமாவது திரும்ப அனுப்புங்கள்.

அன்புடன்