1971 போரில் நம் கடற்படைக் கப்பல் குக்ரி மூழ்கியபோது கூட வந்த கிர்பான் கப்பல் ஓடிப்போனது கோழைத்தனம்தானே?

தம்பி, ஏதோ வீடியோ பார்த்த சூட்டில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1975-லிருந்து இரண்டு வருஷம் கிர்பானின் பாய்லர் ரூமில் வேலை பார்த்தவன் நான். 1971-ல் அதில் இல்லை. "நீ கண்ணால் பார்த்தாயா" என்று வரப்போகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குக்ரி, கிர்பான், குடார் (நம்ம கோடாலிதான்) மூன்றும் 1950-களின் கடைசியில் இங்கிலாந்தில் கட்டி வந்த ஒரே அச்சு. நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கட்டியது, ஆனால் சிக்கனத்தில். ஒரே ஒரு ப்ரொப்பெல்லர். குண்டு வீசும் லிம்போ மார்ட்டர் ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டாது. 1971 டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கம் காத்திருந்த பாகிஸ்தானின் நீர்மூழ்கி ஹாங்கோரோ பிரான்ஸ் நாட்டுப் புதுச் சரக்கு. அதன் டார்பிடோ (தண்ணீருக்குள் ஓடிவந்து வெடிக்கும் குண்டு) பல கிலோமீட்டர் ஓடும். முதல் டார்பிடோ வந்ததே கிர்பானுக்குத்தான், வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரிக்கு. சில நிமிஷத்தில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள், குக்ரியின் கேப்டன் முல்லாவும் அவர்களோடு. மூன்றாவது மறுபடி கிர்பானைப் பார்த்து வந்தது. அங்கேயே நின்று தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கியிருந்தால் இரண்டு கப்பலுக்கும் சேர்த்து அழுதிருப்போம். மறுநாள் கச்சல் கப்பலோடு திரும்பி வந்ததும் இதே கிர்பான்தான். 67 பேர் பிழைத்தார்கள். விலகியது தப்பு என்றவர்கள் கடற்படைக்குள்ளேயே உண்டு, நான் மறைக்கவில்லை. கோழை என்ற சொல்தான் சுடுகிறது.

பம்பாயில் ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் வேறு கப்பல்காரன் ஒருத்தன், "ஓடின கப்பல்தானே உன்னுது?" என்றான். பருப்போடு இருந்த தட்டை அவன் மேலேயே வீசினேன். ஏழு நாள் வெளியே போகத் தடை. குக்ரி மூழ்கிய ராத்திரி கிர்பானில் இருந்த மலையாளி பெட்டி ஆபீசர் (மூத்த மாலுமி) ஒருவர் அப்போது எங்களோடு இருந்தார். அதைப் பற்றி வாயே திறக்காதவர். தண்டனை முடிந்து வந்ததும் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: "பாய்லர் முன்னாடி நிக்கிறவனுக்கு கப்பல் எந்தப் பக்கம் திரும்புதுன்னே தெரியாதுடா. வேகம் கேட்டாங்க, கொடுத்தோம்." அவ்வளவுதான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

1978-ல் கிர்பானையும் குடாரையும் புதிதாகத் தொடங்கிய கடலோரக் காவல் படைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் நான் வேறு கப்பலுக்கு மாறியிருந்தேன்.

பாய்லர் ரூம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்டீம் வால்வைத் திருப்பித் திருப்பித் தேய்ந்த விரல் இது. நவம்பர் வந்தால் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும், பாங்க் மெஷினில் ரேகை விழாது. எதிரே உட்கார்ந்திருக்கிறேன், பாங்கில் வேலை பார்க்கும் பெண் என்னிடம் சொல்கிறாள், "மெஷின் எடுக்கலை சார், நாளைக்கு வாங்க." போன வருஷம் நாலு நடை. கருவிழி பார்க்கும் மெஷின் வந்திருக்கிறதாம், அது மாடியில் இருக்கிறதாம். லிஃப்ட் கிடையாது.