கரண்டு கேள்வி பதில்: சுவரை உடைக்காமல் சுவிட்சை மாற்ற வழி உண்டா?

கேள்வி: வீடு கட்டுகிறோம், இப்போது பைப் பதிக்கும் வேலை நடக்கிறது. மாடிப்படி விளக்கைக் கீழே, மேலே, மொட்டைமாடி வாசல் என்று மூன்று இடத்திலிருந்தும் போட்டு அணைக்க வேண்டும். எந்த சுவிட்சில் எந்த விளக்கு என்பதைப் பின்னால் மாற்ற நினைத்தாலும் சுவரை வெட்டக் கூடாது. வயர்மேனிடம் என்ன சொல்ல?
(வாசகி, குளச்சல்)

பதில்: மூன்று இடம் என்பதெல்லாம் சிரமமே இல்லை. இரண்டு ஓரத்திலும் டூ-வே சுவிட்ச் (கரண்டை இரண்டு ஒயரில் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிடுவது), நடுவில் ஒரு இன்டர்மீடியட் சுவிட்ச் (அந்த இரண்டு ஒயரையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடுவது), இடையில் இரண்டு ஒயர்கள், அவ்வளவுதான், எந்த வயர்மேனும் போட்டுத் தருவார். ஆனால் நீங்கள் கேட்பது அதற்கு மேலே. நாளைக்கு நாலாவதாக ஒரு இடம் வேண்டும் என்றால் அந்த இரண்டு ஒயர்களையும் நடுவில் வெட்டித்தான் இன்னொரு இன்டர்மீடியட்டை நுழைக்க முடியும், அந்த ஒயர் போகும் பைப்போ சுவருக்குள் இருக்கிறது.

அதனால் சுவிட்சே வேண்டாம், காலிங்பெல் பட்டன் வையுங்கள் என்பேன். டிபி பெட்டிக்குள் (வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு இம்பல்ஸ் ரிலே, அதாவது பட்டனை அமுக்கும்போதெல்லாம் நிலை மாறும் சுவிட்ச். ஒரு முறை அமுக்கினால் விளக்கு எரியும், மறுமுறை அமுக்கினால் அணையும், எத்தனை பட்டன் வேண்டுமானாலும் பக்கத்துப் பட்டனிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். மெக்கானிக்கல் வகையாகப் பார்த்து வாங்குங்கள், கரண்டு போய் வந்தாலும் விளக்கு இருந்த நிலையிலேயே இருக்கும். நம் பக்கத்து மழைக்காலத்தில் இது தேவைப்படும்.

மாற்றுவதற்கு வசதி என்பது பைப்பில்தான் இருக்கிறது, விலை கூடிய சுவிட்சில் இல்லை. படி, சிட்-அவுட், காம்பவுண்டு விளக்குகளின் ஒயர்களை ஒன்றோடொன்று கோர்க்காமல் ஒவ்வொன்றையும் தனியாக டிபிக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அப்புறம் எதை எதோடு சேர்ப்பது என்பது பெட்டிக்குள் திருகாணியைக் கழற்றி மாட்டும் வேலை. வீடு முழுக்க இப்படிச் செய்தால் ஒயர் செலவு ஏறிவிடும், படுக்கையறைக்கெல்லாம் தேவையும் இல்லை. எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் ஒரு கறுப்பு ஒயர், அதாவது கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரல், போகட்டும். பழைய வழக்கத்தில் அதை விளக்குக்கு மட்டும்தான் கொண்டுபோவார்கள், ஆனால் ஸ்மார்ட் சுவிட்சுகளில் பெரும்பாலானவை நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யாது. பைப் 20 மில்லிமீட்டருக்குப் பதில் 25. கடலோரம் என்பதால் இரும்பு பாக்ஸ் வேண்டாம், பிவிசி போதும்.

கேள்வி: கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் தனித்தனி ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறது. படிக்கட்டு விளக்கைப் போட்டால் மட்டும் இரண்டும் விழுகின்றன. பல்பை மாற்றியும் பயனில்லை.
(வாசகர், தக்கலை)

பதில்: பல்பு பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. கீழே இருந்து பேஸ் (கரண்டு வரும் ஒயர்) எடுத்து, மேலே கைக்கு எட்டிய நியூட்ரலில் முடித்திருப்பார்கள். ஆர்சிசிபி பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், தன் வழியாகப் போன கரண்டு தன் வழியாகவே திரும்பியதா என்று. வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் (பல சமயம் அதற்கு முன்னாலேயே) விழுந்துவிடும். 9 வாட் எல்இடியே சுமார் 40 மில்லிஆம்பியர் எடுக்கும், அப்படியானால் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே தளத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத்தில் கல்யாணத்துக்கு ஒரு மாதிரி, கூட்டத்துக்கு ஒரு மாதிரி விளக்கு எரிய வேண்டும். டாலி (விளக்குகளை டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தும் முறை) போடலாமா?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: போடலாம். டாலியில் இரண்டு கட்டுப்பாட்டு ஒயரில் 64 விளக்கு வரை கோர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, எந்த வரிசை எந்தக் குழு என்பதை ஒயரைத் தொடாமலே மாற்றலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் முகூர்த்த நேரத்தில் கோளாறு வந்தால் வந்து பார்க்கிற ஆள் பக்கத்தில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் கான்டாக்டர் போதும், அதாவது உள்ளே இருக்கும் காயிலுக்குக் கரண்டு கொடுத்தால் முனைகள் சேர்ந்து ஒரு விளக்கு வரிசையையே போடும் பெரிய சுவிட்ச். விளக்கு வரிசைகளை மூன்று பேஸுக்கும் மாற்றி மாற்றிப் பிரியுங்கள், ஒரு பேஸ் போனாலும் மண்டபம் முழுக்க இருட்டாகாது, கான்டாக்டரின் காயிலுக்குக் கரண்டு தரும் பேஸ் போகாத வரை. மேடையோரம் இருக்கும் சுவிட்சுகள் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்குவதால் எல்லாம் ஒரே பேஸில் இருக்கலாம், ஒரே சுவிட்ச் போர்டுக்குள் இரண்டு பேஸ் வந்து 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கிற ஆபத்து இல்லை. இன்னொன்று, எல்இடிக்கு வாட் குறைவுதானே என்று சின்ன கான்டாக்டர் வாங்காதீர்கள். போடுகிற அந்த நொடியில் எல்லா டிரைவரும் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பெட்டி) சேர்ந்து பல மடங்கு கரண்டு இழுக்கும், முனைகள் ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே நிற்கும்.

கேள்வி: அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறதே?
(வாசகர், முட்டம்)

பதில்: சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் துளி கரண்டே காரணமாக இருக்கலாம், அது இல்லாத சுவிட்சை மாட்டிப் பாருங்கள். அதற்கும் முன்னால், சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருக்கிறார்களா என்று வயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் அணைத்தாலும் ஹோல்டரில் கரண்டு நிற்கும், சரிசெய்யும் வரை பல்பைக் கழற்ற வேண்டுமானால் மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.