‘சங்கதி’யை நாவலாக எடுக்கலாமா?

நாயகி இல்லை, கதைப்பின்னல் இல்லை, அதனால் தலித் எழுத்தாளர் பாமாவின் ‘சங்கதி’யை (1994) நாவல் என்று ஆய்வில் எடுக்க முடியாது என்று உங்கள் நெறியாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நாயகி இல்லாததுதான் அதன் வடிவமே, ஒரு தெருவின் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பேசுகிறார்கள், கதைசொல்லியின் பாட்டி வெள்ளையம்மா கிழவியின் வாய்வழியாகப் பல கதைகள் வருகின்றன. இதையே ஒரு இயலாக வையுங்கள்.

அப்புறம், பொதுவான பெண்ணியக் கோட்பாட்டை மட்டும் வைத்து மாரியம்மா பகுதியை அலசாதீர்கள். அவளிடம் தவறாக நடக்கப் பார்த்தவன் மேல்சாதி நிலக்காரன், ஆனால் அவளை ஒரு பையனோடு சேர்த்து அவன் முந்திக்கொண்டு புகார் சொன்னதும் அவளுக்கு அபராதம் போடுவது சொந்தச் சாதியின் ஊர்க்கூட்டம், அதுவும் அந்தப் பையனுக்குப் போட்டதைவிட அதிகமாக! வெளியே சாதி, உள்ளே ஆண். அரசியல் அறிஞர் கோபால் குரு 1995இல், தலித் பெண்கள் ஏன் வேறுவிதமாகப் பேசுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையின் வாதம் இதுதான். சின்னக் கட்டுரை, ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

வசைச்சொற்கள் வருகிற மேற்கோள்களை நாகரிகம் பார்த்து வெட்டாதீர்கள். சண்டையில் அந்தப் பெண்களுக்குக் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் பல இடங்களில் அந்த வாய்தான். நெறியாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.